வடகோடியில் ஒரு நெய்தல்

நுழையும்முன்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பது நாம் அறிந்ததே. உப்பங்கழியும் தாழையும் புன்னையும் நிறைந்த அந்நிலத்தைப் பனி மூடிய மலைகளுக்கு நடுவே எண்ணிப் பார்ப்பது எளிதன்று. ஆயினும் அத்தகைய நெய்தல் ஒன்றில் தமிழர் வாழ்ந்திருக்கின்றனர், மீன் அரிந்து பொருளீட்டியிருக்கின்றனர், பிள்ளைகளை வளர்த்திருக்கின்றனர். நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள பனியாறுகள், உயிரினங்கள், மீன்வளம் ஆகியவற்றையும் அவற்றோடு தமிழர்க்கு ஏற்பட்ட உறவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆலைப் பேருந்து

மறைமலை நகரில் பொழுது புலரும் முன்பே பெருஞ்சாலையின் ஓரத்தில் ஆலைப் பேருந்துகளுக்காக ஆட்கள் நிற்கத் தொடங்கிவிடுவர். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் உணவுப் பாத்திரமும் கொண்ட அவ்வரிசையில் இன்று தமிழோடு ஒடியா, இந்தி, வங்காளம் எனப் பல மொழிகள் ஒலிக்கின்றன. ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் செல்லும் அப்பேருந்துகளில் ஏறுவோருள் பலர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் என்ன உண்கின்றனர், எங்கே உறங்குகின்றனர், ஊர்த் திருவிழா நாளில் யாரை நினைத்துக்கொள்கின்றனர் என்று அவர்களிடம் கேட்டறிந்தவர் மிகச் சிலரே.

அதே கேள்விகளைத் தமிழரைப் பார்த்துக் கேட்க வேண்டிய இடம் ஒன்று உலகின் வடகோடியில் உண்டு. மறைமலை நகர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12.8 பாகையில் அமைந்துள்ளது. நார்வேயின் ஹம்மர்ஃபெஸ்ட் துறைமுக நகரமோ 70 பாகையையும் கடந்து, வட துருவ வட்டத்திற்கு உள்ளே இருக்கிறது. அங்கே மே மாத நடுப்பகுதி முதல் ஜூலை இறுதிவரை கதிரவன் மறைவதில்லை. நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி பிற்பகுதிவரை அவன் தோன்றுவதே இல்லை. அந்நகரையும் அதனை அடுத்த கடற்கரைச் சிற்றூர்களையும் உள்ளடக்கிய நிலப்பகுதி ஃபின்மார்க் எனப்படும். பரப்பில் அது கேரளத்தைவிடப் பெரியது. மக்கள்தொகையோ ஏறத்தாழ 75,000 மட்டுமே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மறைமலை நகர் நகராட்சி ஒன்றிலேயே எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்பதோடு இதனை ஒப்பிட்டால் அந்நிலத்தின் வெறுமை புலப்படும்.

கடல்வழி வந்த நட்பு

நார்வே மக்களும் தென்னாசிய மீனவர்களும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகும். 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கேரளத்தின் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. பொறி பொருத்திய படகுகளும் மீனைக் கெடாமல் காக்கும் பனிக்கட்டி ஆலையும் அத்திட்டத்தின் வழியே அக்கரைக்கு வந்தன.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் 1956இல் நார்வேயை அடைந்தார். அந்நாட்டில் குடியேறிய முதல் தமிழர் என்று அவரைக் குறிப்பிடுவர். அந்நாட்டு மீன்பிடித் தொழிலின் வளர்ச்சியைக் கண்ட அவர், அதன் பயன் தம் ஊர் மீனவர்க்கும் கிட்ட வேண்டும் என விரும்பினார். நார்வே நண்பர்களின் துணையோடு 1967இல் உருவான 'சீநோர்' அவ்விருப்பத்தின் விளைவாகும். சிலோன், நார்வே என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே அச்சொல். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலை ஆலையும் எழுந்தன. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பலர்க்கு வேலை தந்த அம்முயற்சியே, பின்னாளில் தமிழ் இளைஞர் சிலர் வடக்கு நோக்கிச் செல்வதற்கான வழியையும் திறந்துவைத்தது எனலாம்.

ஒளிமேசையின் முன்

1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த வன்கொடுமைகளுக்குப் பின்னர்த் தமிழர் பெருந்தொகையினராய் நாட்டைவிட்டு வெளியேறினர். கனடாவிற்கும் பிரிட்டனுக்கும் சென்றோரோடு ஒப்பிட நார்வேக்குச் சென்றோர் சிலரே. அவர்களுள் இளைஞர் பலர், 'மக்கள் உயர்பள்ளி' எனப்படும் விடுதியுடன் கூடிய கல்வி நிலையங்களில் சேர்ந்து அந்நாட்டு மொழியைப் பயின்றனர். அதன்பின் வேலை தேடியபோது அவர்களை ஏற்றுக்கொண்ட இடம் ஃபின்மார்க். அப்பகுதியில் பிறந்த இளைஞர்கள் தெற்கிலுள்ள நகரங்களை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். மீன் ஆலைகளில் ஆள் பற்றாக்குறை நிலவியது. உள்ளூரார் விட்டுச் சென்ற இடங்களில் தமிழர் வந்து நின்றனர்.

ஆலையின் வேலை இத்தகையது. படகிலிருந்து இறங்கும் மீனைப் பொறி இருபுறமும் சீவித் தசைத்துண்டுகளாக்கும். அத்துண்டுகள் ஓடும் பட்டையின் வழியே மேசைகளை அடையும். மேசையின் மேற்பரப்பு வெண்ணிறக் கண்ணாடி போன்றது. அதன் அடியிலிருந்து விளக்கொளி மேலெழும். அவ்வொளியில் மீன்தசை ஊடுருவித் தெரிவதால் எஞ்சிய முள்ளும் குருதிக் கறையும் ஒட்டுண்ணிப் புழுவும் கண்ணுக்குப் புலப்படும். சிறுகத்தியால் அவற்றை நீக்கித் துண்டை ஒழுங்கு செய்து அனுப்புவதே அங்கு நிற்பவரின் பணி. வெள்ளை மேலங்கி, தலையுறை, முழங்கால்வரை உயர்ந்த ரப்பர்க் காலணி, உள்ளே பருத்தியும் வெளியே ரப்பருமாக இரட்டைக் கையுறை ஆகியவை அணிந்தும் விரல்கள் விறைத்துப்போகும். ஒரு துண்டு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் பள்ளி இறுதிப் படிப்பையும் அதற்கு மேற்பட்ட கல்வியையும் முடித்தவர்கள் அவர்களுள் பலர். கடல்தொழிலைத் தாழ்வாகக் கருதும் மனப்பான்மை வேரூன்றிய குடும்பங்களிலிருந்து வந்தோரும் இருந்தனர். ஊரில் மீன் சந்தைக்குச் சென்று விலை பேசியதன்றி மீனோடு வேறு தொடர்பு இல்லாதவர்கள், நாள்தோறும் எட்டு மணிநேரம் மீனோடு நின்றனர். ஊருக்கு எழுதிய கடிதங்களில் வேலையின் தன்மையை அவர்கள் எவ்வளவு விரித்துரைத்திருப்பர் என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆனால், அவ்வேலையின் ஊதியமே உடன்பிறந்தாரின் படிப்பிற்கும் பெற்றோரின் மருத்துவத்திற்கும் போரில் இடிந்த வீட்டிற்கும் உதவியது.

அவர்களை வரவேற்ற ஊர்களும் துயரம் அறியாதவை அல்ல. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், 1944ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பின்வாங்கிய செருமானியப் படை ஃபின்மார்க்கின் வீடுகளையும் துறைகளையும் திட்டமிட்டு எரித்தது. மக்கள் வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டனர். ஹம்மர்ஃபெஸ்ட் நகரில் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றைத் தவிர வேறு கட்டடம் எஞ்சவில்லை. போர் முடிந்ததும் அம்மக்கள் திரும்பிவந்து வெறுந்தரையிலிருந்து ஊரை எழுப்பினர். வீடு எரிய ஊரைவிட்டு ஓடியவர்கள் என்று தமிழரைக் கண்ட முதியவர் பலருக்கு அது கேள்வியறிவாக மட்டும் இருந்திருக்க முடியாது.

தெரிந்து தெளிவோம்

பனி என்னும் சொல் தமிழில் பழமையானது. தொல்காப்பியம் கூறும் அறுவகைப் பொழுதுகளுள் முன்பனி, பின்பனி என்பன இரண்டு. ஆயினும் அப்பனி புல்நுனியில் துளிர்க்கும் நீர்த்துளியையே பெரிதும் குறித்தது. வானிலிருந்து வெண்பஞ்சாய்ச் சொரிவதும், கல்லாய் இறுகுவதும், மலைச்சரிவில் ஆறாய் நகர்வதும் தமிழர் தம் நிலத்தில் கண்டவை அல்ல. இமயத்தையும் அங்கு வாழும் கவரிமாவையும் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர் என்றாலும் அவ்வறிவு தொலைவிலிருந்து பெற்றதே. இன்று பனியாறு, பனிப்பாறை, உறைபனி எனச் சொற்கள் பெருகியுள்ளன. நிலத்தின்மீது மெல்ல நகரும் பெரும் பனித்திரள் பனியாறு. அதிலிருந்து உடைந்து கடலில் மிதப்பது பனிப்பாறை. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் அடிக்கடி மாற்றி எழுதிவிடுகின்றன. பனி சூழ்ந்த நிலத்தையே 'ஆறாம் திணை' என வழங்கும் வழக்கமும் அ. முத்துலிங்கம் முதலிய புலம்பெயர் எழுத்தாளரிடம் காணப்படுகிறது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரின் மாணவர்கள், இச்சொற்களின் வேறுபாட்டை அறிந்து வழங்குவது பொருத்தமுடையது.

வடக்கு நோக்கி

1990களில் ஃபின்மார்க்கின் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைநகர் ஓஸ்லோவிற்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் குடிபெயர்ந்தன. பிள்ளைகளின் உயர்கல்வி, தமிழ் வகுப்புகள், கோயில், உறவினர், மீன் ஆலைகளின் நிலையற்ற போக்கு எனக் காரணங்கள் பல. அத்தலைமுறையின் பிள்ளைகள் இன்று மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் உள்ளனர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வேக்கு வந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஓஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் அந்நாட்டு நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அத்தகைய குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில், பெற்றோர் ஒருகாலத்தில் வேலை செய்த ஊரைக் காண வடக்கே செல்வதாகக் கொள்வோம். ட்ரொம்சோ நகரிலிருந்து கிழக்கு நோக்கி ஹம்மர்ஃபெஸ்ட் செல்லும் நெடுஞ்சாலை ஃபியோர்டுகளின் ஓரமாகவே வளைந்து வளைந்து செல்கிறது. ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல்நீர் புகுந்து உருவான நீண்ட கழியாகும். ஆறு அரித்த பள்ளத்தாக்கு அடியில் குறுகிக் கூர்மையாயிருக்கும். பனியாறு அரித்ததோ நம் 'ப' எழுத்தைப் போலச் செங்குத்தான இரு பக்கங்களும் அகன்ற அடிப்பகுதியும் கொண்டிருக்கும். பல்லாயிரம் ஆண்டுகள் அப்பனி நிலத்தை அவ்வாறு குடைந்திராவிடில் இவ்வளவு ஆழமான, காற்றுக்கு ஒதுக்கான துறைகள் அங்கு அமைந்திரா. ஆழ்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் தெற்கிலிருந்து வந்து அக்கரையைத் தழுவுவதால், கடுங்குளிர்காலத்திலும் அத்துறைகள் உறைவதில்லை. பனி அகழ்ந்து தந்த துறையை உறையாத கடல் திறந்து வைத்திருக்கிறது. மீன் ஆலைகள் அங்கே நிலைத்தமைக்கு இதுவே காரணம்.

வழியில் யோக்கெல்ஃபியோர்டு என்னும் கழியின் தலைப்பகுதியில் ஓக்ஸ்ஃபியோர்டு பனியாறு தென்படும். ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடைய அப்பனித்திரளின் ஒரு கிளை மலைமுகட்டிலிருந்து தொங்குவதுபோல் காட்சியளிக்கும். நார்வேயின் பெருநிலப்பகுதியில் நேரே கடலில் உடைந்து விழுந்த பனியாறு இஃதொன்றே. விழுந்த பனித்துண்டுகளை அக்காலத்து மீனவர்கள் வீணாக்கவில்லை. ஹம்மர்ஃபெஸ்ட் முதலிய துறைகளின் படகுகள் அக்கழிக்குள் வந்து மிதக்கும் பனியை அள்ளிச் சென்று, பிடித்த மீனின்மேல் பரப்பிக்கொண்டன. பனியாறே அவர்களின் பனிக்கட்டி ஆலையாக விளங்கியது.

இதனைப் படிக்கும் சென்னை மாணவர்க்கு வேறொரு கட்டடம் நினைவுக்கு வரலாம். மெரினா கடற்கரையின் எதிரே உள்ள விவேகானந்தர் இல்லம் 1842இல் 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டது. அமெரிக்காவின் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கொண்டுவந்த ஃபிரெடரிக் டியூடர் என்னும் வணிகரின் பண்டகசாலை அது. கரைந்தது போக எஞ்சியதை மதராசின் செல்வர்கள் விலை கொடுத்து வாங்கினர். குளிர்ச்சி என்பது அள்ளி வரவும் விற்கவும் கூடிய பொருளாய் இருந்த காலம் அது.

யோக்கெல்ஃபியோர்டின் பனியாறு இப்போது கடலைத் தொடுவதில்லை. அதன் அடிநுனி உருகிப் பின்வாங்கிவிட்டது. பாறையே வெளித் தெரிகிறது. பனியாறு ஒன்று உருவாவதற்குப் பல ஆண்டுகளின் பனிப்பொழிவு கரையாமல் எஞ்ச வேண்டும். மேலே விழும் பனியின் எடையால் அடியிலுள்ளது நசுங்கும். அதிலுள்ள காற்று வெளியேறும். நாளடைவில் அது பளிங்குபோல் இறுகும். ஒளியின் செந்நிறக் கூற்றை அது உறிஞ்சிக்கொள்வதால் அதன் வெடிப்புகளில் நீலம் தெரியும். அத்திரள் தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகரும். மேலே சேர்வதைவிடக் கீழே கரைவது மிகுந்தால் பனியாறு சுருங்குகிறது. வட துருவப் பகுதி 1979க்குப் பின் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்து வருவதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே நிற்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் தம் பழைய நிழற்படத்தைக் காட்டினால், எந்தக் கணக்கும் இன்றியே அது விளங்கிவிடும்.

மானும் ஆலாவும்

பனியாற்றைக் கடந்து சென்றால் ஆல்ட்டா என்னும் ஊர். அங்குள்ள பாறைகளில் ஏறத்தாழ 7,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட செதுக்கோவியங்கள் ஆயிரக்கணக்கில் காணப்படுகின்றன. 1985இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. துருவமான் கூட்டம், கரடி, படகு, படகிலிருந்து தூண்டில் இட்டுப் பெருமீனை இழுக்கும் மனிதர் ஆகியவை அவ்வோவியங்களில் உள்ளன. இன்று ஒரு குடும்பம் அங்கே காணச் செல்லும் மூன்றனையும், அதாவது நிலத்தையும் விலங்கையும் மீனையும், அக்கால மனிதரும் கண்டு பதிந்துவைத்துள்ளனர்.

துருவமான் அங்குக் காட்டு விலங்காக மட்டும் இல்லை. அந்நிலத்தின் தொல்குடிகள் தம்மைச் சாமி என்று அழைத்துக்கொள்கின்றனர். தமிழ்ச்சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே. அவர்களுள் ஒரு பகுதியினர் மான் மந்தைகளை மேய்ப்பவர்கள். குளிர்காலத்தில் உள்நாட்டுச் சமவெளியிலும் கோடையில் கடற்கரையிலும் மந்தைகள் மேயும். மானினத்தில் ஆண், பெண் இரண்டிற்கும் கொம்பு வளர்வது துருவமானுக்கே உரிய இயல்பு. கோடையில் அவை ஹம்மர்ஃபெஸ்ட் தெருக்களிலும் உலவி வீட்டுத் தோட்டங்களை மேய்ந்துவிடுவதுண்டு. நம் ஊர்த் தெருக்களில் மாடு படுத்திருப்பதைக் கண்டு வியக்கும் அயல்நாட்டார் இதனையும் காண வேண்டும். நெடுங்காலம் தம் மொழியும் மரபும் ஒடுக்கப்பட்ட சாமி மக்கள் 1989இல் தமக்கெனத் தனி நாடாளுமன்றம் பெற்றனர்; அது காரஸ்யோக் என்னும் ஊரில் கூடுகிறது.

கடற்பாறைகளில் வெண்வாற் கடற்கழுகு அமர்ந்திருக்கும். வேட்டையால் அருகிப்போன அப்பறவையை 1968இல் நார்வே சட்டத்தால் காத்தது. இன்று அக்கரை நெடுகிலும் அதனைக் காணலாம். வானில் ஓயாது கூவிப் பறக்கும் துருவ ஆலா, கோடையில் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, அடுத்த கோடையைத் தென் துருவத்தின் அருகே கழிக்கும். ஓராண்டில் அது எழுபதாயிரம் கிலோமீட்டர்வரை பறக்கிறது.

ஆயினும் தமிழகத்து மாணவர்க்கு நெருங்கிய உறவு வேறொரு பறவையோடு உண்டு. கொசு உள்ளான் என்பது சிட்டுக்குருவி அளவே உடைய கரைப்பறவை. வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் உள்ள மரமற்ற துருவச் சமவெளிகளில் அது முட்டையிடுகிறது. குளிர்காலத்தில் கோடியக்கரையின் உப்பளங்களுக்கும் பழவேற்காட்டிற்கும் பள்ளிக்கரணைச் சதுப்பிற்கும் வந்து சேறு கிளறி இரை தேடுகிறது. மறைமலை நகரிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில், சேற்றின் ஓரம் ஓடியோடித் திரியும் அச்சிறு பறவைக்கு வடகோடி பிறந்த ஊர்.

வலசை போகும் மீன்

கரையில் நின்று தூண்டிலிட அங்கு உரிமச் சீட்டு தேவையில்லை. பிள்ளைகள் வீசும் தூண்டிலில் பெரும்பாலும் சிக்குவது காட் மீனே. நார்வேயின் வடபகுதி வாழ்வை நடத்திவரும் மீன் இது. வடக்கே பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட், ஏறத்தாழ ஏழாண்டு கழித்துப் பருவமடைந்ததும் இன மீன்களோடு கூட்டங்கூட்டமாகத் தெற்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, ஜனவரி முதல் ஏப்ரல்வரை லொஃபோட்டன் தீவுகளின் அருகே முட்டையிடுகிறது. அவ்வாறு வரும் மீனுக்கு ஸ்க்ரெய் என்று பெயர். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து அது வந்தது என்பர்.

அம்மீனைக் கருவாடாக்கும் முறை நம்முடையதற்கு மாறானது. நாம் உப்பிட்டு வெயிலில் காய வைக்கிறோம். அவர்கள் தலை நீக்கிய மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, உப்பின்றியே மரச் சட்டங்களில் தொங்கவிடுகின்றனர். பிப்ரவரி முதல் மே வரை அங்கு வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். மீன் அழுகும் அளவிற்கு வெம்மையும் இல்லை, உறைந்து சிதையும் அளவிற்குத் தொடர்ந்த கடுங்குளிரும் இல்லை, ஈயும் இல்லை. காற்றே அதனை உலர்த்திவிடும். உலர்ந்தபின் ஐந்தில் ஒரு பங்கு எடையே எஞ்சும். விறகுக்கட்டைபோல் தட்டினால் ஒலிக்கும். இத்தாலிக்கும் நைசீரியாவிற்கும் அக்கருவாடு இன்றும் ஏற்றுமதியாகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற இல்லத்தரசிகள் அதனைக் கண்டதும் புளியும் மிளகாயும் தேடியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

கடலில் மீன் குறைவதும் உண்டு. 1980களின் இறுதியில் பேரன்ட்ஸ் கடலில் காட் மிகவும் அருகியது. நார்வே அரசு பிடிப்பின் அளவைக் கடுமையாகக் குறைத்தது. படகுகள் துறையில் கட்டிக்கிடந்தன; ஆலைகளில் வேலைநாள்கள் குறைந்தன. ஒளிமேசையின் முன் நின்ற தமிழரும் அந்நெருக்கடியை அறிந்தவர்களே. நார்வேயும் உருசியாவும் சேர்ந்து ஆண்டுதோறும் பிடிப்பளவை வரையறுத்து வந்ததால் மீன் மீண்டும் பெருகியது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் அவ்வாறு நிகழவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் அதே காட் மீன் அளவின்றிப் பிடிக்கப்பட்டு முற்றிலும் சரிந்தது. 1992இல் அந்நாட்டரசு மீன்பிடிப்பையே நிறுத்தியபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். அக்கரையின் மீனவர்களைத் தமிழர் மறத்தற்கியலாது. 1986 ஆகஸ்டு 11 அன்று, மூடுபனி சூழ்ந்த அக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த ஈழத்தமிழர் 155 பேரைக் கண்டு கரைசேர்த்தவர்கள் அம்மீனவர்களே. ஆறாண்டு கழித்து அவர்களின் தொழிலே கரைசேர வழியின்றிப் போயிற்று.

ஃபின்மார்க் கடலில் இப்போது புதிய குடியேறி ஒன்றும் உண்டு. பசிபிக் பெருங்கடலைச் சேர்ந்த அரச நண்டை 1960களில் சோவியத் அறிவியலாளர் பேரன்ட்ஸ் கடலில் விட்டனர். காலை விரித்தால் மனிதர் உயரத்திற்கு அகன்றிருக்கும் அந்நண்டு மேற்கே பரவி நார்வேக் கடலுக்கும் வந்தது. முதலில் வலைகளைக் கெடுக்கும் தொல்லையாய்க் கருதப்பட்டது. பின்னர் நல்ல விலை பெறும் பண்டமாயிற்று. கடலடியில் அது தின்று தீர்க்கும் சிற்றுயிர்களின் இழப்பை அவ்விலை ஈடுசெய்யுமா என்பது வேறு கேள்வி.

பள்ளிக்கரணையிலிருந்து கோங்ஸ்ஃபியோர்டிற்கு

ஹம்மர்ஃபெஸ்டிற்கும் வடக்கே, கடல் நடுவே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் உள்ளது. அங்கே நி-ஓலெசுண்டு என்னும் சிற்றூரில் இந்தியா 2008 ஜூலை 1 அன்று 'இமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அவ்வூர் முன்பு நிலக்கரிச் சுரங்கமாக இருந்தது. 1962இல் நிகழ்ந்த விபத்தில் 21 பேர் உயிரிழந்தபின் சுரங்கம் மூடப்பட்டு, இப்போது பல நாட்டு அறிவியலாளரின் இருப்பிடமாயிற்று. வெண்கரடிகள் உலவும் இடமாதலால் குடியிருப்பைவிட்டு வெளியே செல்வோர் தற்காப்புக் கருவியுடனே செல்கின்றனர்.

அவ்வூரை அடுத்த கோங்ஸ்ஃபியோர்டில் பனியாறுகள் கடலில் உடைந்து விழுகின்றன. 2014 ஜூலையில் அக்கழியின் நீரில் 'இண்ட்ஆர்க்' என்னும் கருவித்தொகுதியை இந்தியா நிறுவியது. 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும் அது, நீரின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் நீரோட்டத்தையும் பதிவுசெய்கிறது. அதனை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. வடகோடியின் பனி உருகுவதற்கும் நம் பருவமழை மாறுபடுவதற்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்றாகும். கொசு உள்ளான் வந்திறங்கும் சதுப்பின் அருகிலேயே, அதன் பிறப்பிடக் கடலை அளக்கும் கருவி உருவாயிற்று.

மீண்டும் ஆலை வாயில்

பயணக் குடும்பம் இறுதியாக வந்து சேரும் இடம் துறைமுகத்தின் ஆலை. வடக்கின் மீன் ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. சில கைமாறி நடக்கின்றன. நடப்பவற்றில் இன்று லிதுவேனியா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் வேலை செய்கின்றனர். மாலை முறைக்கான ஆட்கள் வாயிலில் கூடி நின்று, தம் மொழியில் பேசிக்கொண்டிருக்கின்றனர். தாய் தம் பிள்ளைகளுக்கு இரண்டாம் சன்னலைச் சுட்டி, அங்கேதான் தாம் ஆறு ஆண்டுகள் நின்றதாகச் சொல்கிறார். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, குளிருமா என்பது. வாயிலருகே நின்ற பெண்ணொருத்தி அவர்கள் சன்னலைப் பார்ப்பதைக் கண்டு, ஏன் பார்க்கிறீர்கள் என நார்வே மொழியில் திக்கித் திக்கிக் கேட்கிறாள். தாய் விடை சொல்கிறார். அப்பெண் தன் கையுறையைக் கழற்றிச் சிவந்த விரல்களைக் காட்டுகிறாள். உள்ளே மணி ஒலிக்கிறது.